எழுத வந்தது, படிக்க வரவில்லை

இதை நான் என் கையால்தான் எழுதுகிறேன். எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. எழுதிய வரியைத் திரும்பப் படிப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. களைப்பாக இருக்கும் நாட்களில் என் மகள் யாழினி படித்துக் காட்டுகிறாள், நான் கேட்டுத் திருத்துகிறேன். பக்கவாதம் என்றால் கை கால் விழுந்துவிடும், வாய் கோணிவிடும் என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். எனக்கு வந்தபோது கையும் காலும் வாயும் ஒழுங்காகவே இருந்தன. வேறு யாருக்காவது இப்படி வந்தால் வீட்டில் படுத்துக்கொண்டு யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பட்டும் என்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் மாலதி. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், பெம்பானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்பு ஆசிரியை. தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை; எங்கள் பிள்ளைகள் பலர் ஜாசின் நகரத்துத் தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் வருகிறார்கள். மூன்றாண்டுகளாகப் பகுதி நேரத்தில் முதுகலை ஆய்வும் செய்துவந்தேன். எழுத்துப் பழகும் பிள்ளை பக்கத்தைப் பார்க்கும்போது அதன் கண் எங்கே நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது, எங்கே திரும்பி வருகிறது, அந்த நேரத்தில் மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் ஆய்வு. பல்கலைக்கழகம் அதற்கு ஒரு கருவியை இரவல் கொடுத்திருந்தது. அடிக்கோல் நீளத்தில் ஒரு கறுப்புப் பட்டை, மடிக்கணினித் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் விழி நின்ற இடமெல்லாம் திரையில் வட்டமாக விழும். நீண்ட நேரம் நின்றால் பெரிய வட்டம், சட்டென்று தாண்டினால் சிறிய வட்டம்.

படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. நன்றாகப் படிக்கிறவர் நிற்கும்போதே வலப்பக்கத்தில் அடுத்து வருவதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறார். இதைப் பல ஆசிரியர் கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

அன்று திங்கட்கிழமை. எழுந்தபோதே பின்மண்டையில் வலி. பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். தோட்டத்து முச்சந்தியில் வலப்பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் முன்னால் வந்து விழுந்த மாதிரி தோன்றியது. ஓட்டியவன் திட்டிவிட்டுப் போனான். எங்கிருந்து வந்தான் என்று எனக்கு விளங்கவே இல்லை.

முதல் பாடத்தில் வெண்பலகையில் ‘கோழி கூவியது’ என்று எழுதினேன். பிள்ளைகள் பக்கம் திரும்பி, குச்சியை எடுத்துக்கொண்டு, படித்துக் காட்டப் பலகையைப் பார்த்தேன். கோடுகள் தெரிந்தன. வளைவு, சுழி எல்லாம் தெளிவாக இருந்தன. ஆனால் ஒன்றும் எழுத்தாக இல்லை. ஒருமுறை தாய்லாந்தின் ஹாட்யாய்க்குச் சுற்றுலா போனபோது தாய்மொழிக்காரர்களின் கடைப் பலகைகளை ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன், அதேபோல இருந்தது.

“டீச்சர், படிக்கலாமா?” என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

“படிங்க.”

“கோழி கூவியது” என்று வகுப்பே கத்தியது. அவர்கள் படித்த பிறகுதான் நான் எழுதியது அதுதான் என்று உறுதியாயிற்று.

கைப்பேசியை எடுத்தேன். என் கணவர் பெயரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து வகுப்பில் மலாய்மொழி எடுத்துக்கொண்டிருந்த ஹஸ்னாவின் வாசலில் போய் நின்றேன். பத்து வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். நான் மூத்தவள் என்பதால் ‘காக்’, அக்கா, என்பாள். படிக்க முடியவில்லை என்று மலாயில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். பல்லைக் காட்டச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது.

“ஜோம், காக். ஹாஸ்பிட்டல்,” வா போகலாம் என்று கார்ச் சாவியை எடுத்தாள். என் கணவரையும் அவளே அழைத்துச் சொன்னாள்.

மலாக்காவுக்குப் போகும் வழியெல்லாம் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றையாவது பிடித்துவிடலாம் என்று ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தேன். முடியவில்லை. ஹஸ்னா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே ஓட்டினாள்.

அவசரப் பிரிவில் என்னைப் பார்த்தவர் டாக்டர் தர்ஷினி. என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். விரலை நீட்டி, மூக்கைப் பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் எத்தனை விரல் ஆடுகிறது என்று கேட்டார். இடப்பக்கம் சரியாகச் சொன்னேன். வலப்பக்கம் அவர் கையையே நான் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடினேன், மறு கண்ணை மூடினேன். இரண்டிலும் அதே வலப்பாதி இல்லை. அப்படி இருந்தால் கோளாறு கண்ணில் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது என்பது எனக்கே தெரியும்.

“ஆன்டி, கடைசியா எப்ப ஒழுங்கா படிச்சீங்க? நல்லா யோசிச்சி சொல்லுங்க. ரொம்ப முக்கியம்.”

முந்தின மாலை ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்தது நினைவிருந்தது. அதற்குப் பிறகு எதையும் படித்ததாக நினைவில்லை. காலையில் வாட்ஸ்அப்பைக்கூடத் திறக்கவில்லை.

மூளை ரத்தக் குழாயில் அடைப்பு என்றால் அதைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. தொடங்கிய சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதித்துப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியக்கூடும். எனக்கு எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. தலையை ஸ்கேன் எடுத்த பிறகு, அந்த ஊசி போடுவதற்கில்லை என்று தர்ஷினி சொன்னார். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் கணவர் சேகரன் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். யூனிபார்மோடு ஓடி வந்தார்.

“கையக் கால ஆட்டு, பாப்போம்.”

“எல்லாம் ஆடுது லா.”

“அப்புறம் என்னா பிரச்சின?” என்று டாக்டரைப் பார்த்தார். நான் நன்றாகப் பேசுகிறேன், நடக்கிறேன். அவருக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

தர்ஷினி என்னிடம் பேனாவும் தாளும் கொடுத்து, என்னைப் பற்றி ஏதாவது எழுதச் சொன்னார். ‘என் பெயர் மாலதி. நான் பள்ளி ஆசிரியை’ என்று தமிழில் எழுதினேன், மலாயிலும் எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல இருந்திருக்க வேண்டும், சேகரன் தலையாட்டினார். டாக்டர் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்கள் வீடு எங்கே, மகள் எங்கே படிக்கிறாள் என்று பேச்சுக் கொடுத்தார். பிறகு தாளை என் முன்னால் வைத்தார்.

“இத படிங்க ஆன்டி.”

வெகு நேரம் பார்த்தேன். “இது யார் எழுதுனது?” என்று கேட்டேன்.

சேகரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவர் உட்காரவே இல்லை.

வார்டில் சேர்த்து, காந்த ஸ்கேன் எடுத்த பிறகு தர்ஷினி படத்தைக் காட்டி விளக்கினார். கண் பார்ப்பதைப் பின்மண்டைதான் புரிந்துகொள்கிறது. வலப்பக்கம் இருப்பது மூளையின் இடப்பக்கத்துக்குப் போகிறது, இடப்பக்கம் இருப்பது வலப்பக்கத்துக்கு. எனக்கு இடது பின்மூளைக்குப் போகும் குழாய் அடைத்துவிட்டது. அதனால் எதைப் பார்த்தாலும் வலப்பாதி இல்லை. சொற்களை அடையாளம் காணும் இடம் இடது மூளையில் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் வலது மூளை எழுத்தைப் பார்த்தாலும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தின் பின்பகுதியும் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போயிருந்தது. எழுதும் இடம், பேசும் இடம், கேட்கும் இடம் எல்லாம் நன்றாக இருந்தன. அதனால்தான் எழுத வந்தது, படிக்க வரவில்லை.

இதைப் பாடமாக நான் படித்திருக்கிறேன். ஓர் ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பில் இப்படி ஒரு நோய் உண்டு என்று பார்த்து, ஆச்சரியமாக இருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டியவள்தான் நான்.

“திரும்ப வருமா டாக்டர்?”

“கொஞ்சம் கொஞ்சமா வரலாம் ஆன்டி. எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. மொதல்ல இன்னொன்னு வராம பாக்கணும்.”

அந்த ‘இன்னொன்னு’ தான் அதற்குப் பிறகு எல்லா நாளும் எங்கள் கூட இருந்தது. நெஞ்சில் ஒட்டிய ஒயர்களில் என் இதயத் துடிப்பு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதாவது அது தாளம் தப்பி ஓடியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, படபடப்புக்கூட இல்லை. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது ரத்தம் அங்கே தேங்கிக் கட்டிப்போகும், அதிலிருந்து ஒரு துண்டுதான் மூளைக்குப் போயிருக்கிறது என்றார்கள். அதைத் தடுக்க ரத்தம் கட்டாமல் இருக்க மருந்து சாப்பிட வேண்டும். ஆனால் அடுத்த ஸ்கேனில், செத்துப்போன பகுதிக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது.

“மருந்து குடுத்தா ரத்தம் கூட கசியும். குடுக்கலன்னா இன்னொரு கட்டி போவும். அப்ப என்னா செய்யறது டாக்டர்?” என்று சேகரன் கேட்டார்.

“காத்திருக்கணும் அங்கிள். கசிவு நின்னதும் ஆரம்பிப்போம்.”

“அதுக்குள்ள போயிடுச்சின்னா?”

தர்ஷினி மழுப்பவில்லை. “போகலாம். ரெண்டுல எது கம்மி ஆபத்தோ அதத்தான் செய்றோம்.”

காத்திருந்தோம். திரையில் கோடு தாளம் தப்பும் ஒவ்வொரு முறையும் சேகரன் என் முகத்தைப் பார்ப்பார். “பேர் சொல்லு,” என்பார். “மாலதி,” என்பேன். “பக்கத்து கட்டில்ல யாரு?” “மஸ்ஜித் தானா மக்சிக்.” மஸ்ஜித் தானா ஊரிலிருந்து வந்திருந்த அந்த மலாய் அம்மாள் தலையாட்டுவார். அவருடைய மகள் கொண்டு வரும் கஞ்சியில் எனக்கும் ஒரு கிண்ணம் வந்துகொண்டிருந்தது.

ஜொகூரில் டிப்ளோமா படிக்கும் யாழினி வகுப்புகளை விட்டுவிட்டு வந்துவிட்டாள். வந்த முதல் நாள் மதியம் நான் சாப்பிட்ட தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடப்பாதி காலி, வலப்பாதியில் சோறும் மீனும் அப்படியே இருந்தன, தீர்ந்துவிட்டது என்று நான் கை கழுவப் போயிருந்தேன். அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். “அட, இன்னும் இருக்கே,” என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் நடுவில் ஒருமுறை திருப்பி வைத்துவிட்டுத் தன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய நாற்காலியும் கட்டிலின் இடப்பக்கத்துக்கு மாறிவிட்டது.

ஒரு மதியம், பார்வையாளர் நேரத்தில், பின்மண்டையில் மறுபடி வலி எழுந்தது. யாழினியிடம் சொல்ல வாயைத் திறந்தேன், வாந்திதான் வந்தது. தாதி ஓடி வந்து கண்ணில் விளக்கடித்தார். யாரோ கட்டிலின் பூட்டை உதைத்துத் திறந்தார்கள். சேகரன் வேலையில் இருந்தார். யாழினி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

“அம்மா, என்ன பாருங்கம்மா. பேசிகிட்டே இருங்க.”

என்ன பேசுவது என்று தெரியவில்லை. ரத்தம் பெருகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அடுத்து பேச்சு போகும், அதற்கடுத்து இவள் முகம் போகும் என்று வரிசையாக மனம் எண்ணிக்கொண்டே போனது. ஸ்கேன் அறை வாசலில் உள்ளே ஒருவர் இருந்தார், நிறுத்தி வைத்தார்கள். எதிரே கதவுக்கு மேலே பச்சை விளக்குப் பலகை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. வேறு எங்கும் பார்க்கத் தைரியம் இல்லாமல் அதையே பார்த்தேன். போர்வைக்கு மேல் என் ஆள்காட்டி விரல் தானாக அசைந்தது. ஒரு நேர்கோடு. அதிலிருந்து ஒரு சாய்வு, இன்னொரு சாய்வு. விரல் அந்த வடிவத்தை வரைந்து முடித்ததும் ‘கே’ என்று உள்ளே ஓர் ஒலி வந்தது. கண்ணுக்கு அது அப்போதும் வெறும் கோடுதான். அடுத்ததை வரைந்தேன். ‘இ’. பிறகு ‘எல்’. ஆறு எழுத்து. கடைசி எழுத்து வலப்பக்கத்தில் இல்லாமல் போனதால் தலையைத் திருப்பித் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

“யாழி, அது ‘கெலுவார்’.”

“என்னாம்மா?”

“அந்தப் பலக. வெளியே போற வழி. மலாய்ல கெலுவார்னு போட்டிருக்கு.”

அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குள் கட்டிலை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

கசிவு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் அடுத்த ஸ்கேன் வரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். சேகரன் வேலையிலிருந்து வந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். அடுத்த ஸ்கேனில் கசிவு அப்படியே இருந்தது. அதற்கடுத்ததில் குறைந்திருந்தது. அதன் பிறகுதான் மாத்திரையைத் தொடங்கினார்கள். முதல் மாத்திரையை விழுங்கியதும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், ஏதோ வெடிக்கப்போகிறது என்பதுபோல. எதுவும் நடக்கவில்லை. யாழினிதான் முதலில் சிரித்தாள்.

விரல் விஷயத்தைத் தர்ஷினியிடம் சொன்னேன். கண் வழி அடைபட்டாலும் கை அசைவு போகும் வழி திறந்திருக்கிறது, அந்த வழியாக எழுத்து உள்ளே போகிறது என்றார். பயிற்சிப் பிரிவிலும் அதையே பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து அந்தக் கறுப்புப் பட்டையை எடுக்கச் சொன்னேன். சேகரனுக்குப் பிடிக்கவில்லை.

“அந்த மெஷின்லாம் இப்ப எதுக்கு? படிச்சி படிச்சித்தான் இப்படி ஆச்சி.”

“படிச்சதால ஆகல. இதயத்தால ஆச்சி. டாக்டர் சொன்னாங்கதானே?”

“ஏன்ப்பா, அம்மா சும்மா உக்காந்திருந்தா மட்டும் நல்லா ஆயிடுமா?” என்று யாழினி கருவியை மடிக்கணினியில் ஒட்டினாள்.

சாப்பாட்டு மேசையில், நான் பிள்ளைகளை உட்கார வைத்த மாதிரியே அவள் என்னை உட்கார வைத்தாள். தாடையை அசைக்கக் கூடாது, திரையில் வரும் புள்ளியைப் பார்க்க வேண்டும், தெரிந்தவரை படிக்க வேண்டும். வந்தவை நானே தேர்ந்தெடுத்த முதலாம் ஆண்டுச் சொற்கள். ‘கெடி’ என்று படித்தேன். ‘பேட்டி’ என்று படித்தேன். அவள் திருத்தவில்லை, திருத்தக் கூடாது என்று நானே எழுதி வைத்த விதி அது.

பிறகு வட்டங்களைக் காட்டினாள். அவற்றைப் படிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு எழுத்தின் மேலும் பெரிய பெரிய வட்டங்கள், சிலவற்றில் மூன்று நான்கு. எல்லாம் எழுத்தின் இடப்பக்கத்திலேயே விழுந்திருந்தன. ‘கொ’ எழுத்தில் கொம்பின் மேலும் ககரத்தின் மேலும் நின்ற கண், வலப்பக்கத்துக் காலைத் தொடவே இல்லை. அதனால் ‘கொடி’ எனக்குக் ‘கெடி’ ஆயிற்று, ‘போட்டி’ ‘பேட்டி’ ஆயிற்று. சொல் எங்கே முடிகிறது என்பதே என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததால் அங்கே போகவும் இல்லை.

அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். ஆனால் அந்தப் படம் எனக்கு ஒன்றைச் சொல்லிவிட்டது. என்ன தவறுகிறது என்பது இப்போது தெரியும். ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் கண்ணை வலக்கோடி வரை வீசி, வெற்றிடம் வரும்வரை போய், பிறகு திரும்பி வந்து தொடங்கப் பழகினேன். தொடக்கத்தில் ஒரு வரி முடிவதற்குள் தலை சுற்றியது. மாதங்கள் போகப் போக வட்டங்கள் சிறுத்தன. பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது, ஆய்வில் இதையும் ஓர் இயலாக எழுதலாம் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேலை என்னவாகும் என்பதுதான் மிச்சமிருந்த பயம். மருத்துவக் குழுவின் முன்னால் போக வேண்டியிருந்தது. தகுதியில்லை என்று அவர்கள் சொன்னால் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் ஒரு சுற்றறிக்கையை நீட்டிப் படிக்கச் சொன்னார். மேசைக்கு அடியில் தொடைமேல் விரலால் வரைந்து வரைந்து முதல் வாக்கியத்தைப் படித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் நிறுத்தவில்லை. முடிவு வர நெடுநாள் ஆயிற்று. முழு வகுப்பு எடுக்க முடியாது, கார் ஓட்டக் கூடாது. நான்கைந்து பிள்ளைகளை மட்டும் வைத்து நடத்தும் குறைநீக்கல் வகுப்புக்கு உதவியாக இருக்கலாம் என்று வந்தது. ஏற்றுக்கொண்டேன்.

இப்போது பள்ளிக்குச் சேகரன்தான் கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிறார். போன வாரம் திரும்பும்போது தோட்டத்து முனையில் புதிதாக ஒரு துணிப் பதாகை கட்டியிருந்தது. அவர் வண்டியை மெதுவாக்கினார்.

“என்னா போட்டிருக்கு?”

சேகரன் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை, கோயில் அறிக்கை எதுவானாலும் திருமணமான நாளிலிருந்து நான்தான் படித்துச் சொல்வேன். நோய் வந்த பிறகு அவர் ஒருமுறையும் கேட்டதில்லை.

“நீண்ட சொல்லா இருக்கு,” என்றேன்.

“இருக்கட்டும்.” ஓரமாக நிறுத்தி, ஆபத்து விளக்கைப் போட்டார். பின்னால் வந்த செம்பனைக் குலை லாரி ஹாரன் அடித்தது. அவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, தாண்டிப் போகச் சொன்னார்.

கண்ணை வலக்கோடிக்கு வீசினேன். இரண்டு சொல். திரும்பி வந்து தொடங்கினேன். காற்று பதாகையை மடித்தது, காத்திருந்தேன், மறுபடி விரிந்தது. சேகரன் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு பதாகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணீர்ப் பந்தல்,” என்றேன்.

“எப்ப?”

“அது கீழ போட்டிருக்கு. இரு, படிக்கிறேன்.”

அவர் இஞ்சினை அணைத்தார்.